விற்றவன் வெளியே

அந்தக் கூட்டத்தில் லிஃப்ட்காரருக்குக் கிடைத்த மரியாதை முழுவதும் அவருடைய காதுக்குக் கிடைத்தது. முகத்தைப் பார்த்து யாரும் மரியாதை கொடுத்துவிட மாட்டார்கள். வாயைத் திறந்தாலோ இருக்கிற மரியாதையும் போய்விடும், அப்படிப்பட்ட வாய். ஆனால் காது வேறு. அரசாங்கத்தில் அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். புதுக் கட்டடமோ பழைய கட்டடமோ, லிஃப்ட் ஓட அவர் கையெழுத்து வேண்டும். உள்ளே ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து மாடி போவார். இறங்கும்போது, "மோட்டார் பக்கத்து பியரிங் இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்" என்பார். பிரித்துப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு அவரோடு வாதாடியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையானால் அந்தக் காதோடு அவர் ஒரு வணிக வளாகத்தின் மேல்தளத்துக்குப் போய்விடுவார். கார் நிறுத்துகிற தளம் அது. கடைகள் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். அதுவரை அந்தச் சிமெண்டுத் தரை முழுக்கப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிற பன்னிரண்டு பேருக்குச் சொந்தம். பிளாஸ்டிக் நாற்காலிகள் எதிரெதிராக இரண்டு வரிசை. ஒன்றில் இங்கிலாந்து வண்டிக்காரர்கள், மற்றதில் ஜப்பான் வண்டிக்காரர்கள். நடுவில் ஒரு நீள நோட்டோடு ஆடிட்டர். அவரிடம் இரண்டு நாட்டு வண்டியும் இருந்ததால் அவர்தான் நடுவர்.

இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஒரே சண்டை, அதே வார்த்தைகள்.

"உங்க வண்டி நின்ன இடத்த யாரும் தேட வேண்டாம். எண்ணெய் ஒழுகி அடையாளம் வச்சிட்டுத்தான் போகும்" என்பார்கள் ஜப்பான்காரர்கள்.

"ஒழுகுனா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம். உங்களுது மிக்ஸி. சுவிட்சப் போட்டா ஓடும், அணைச்சா நிக்கும். மிக்ஸிய எவனாவது காதலிப்பானா?" என்பார் லிஃப்ட்காரர்.

இங்கிலாந்து வரிசையில் முதல் நாற்காலி அவருடையது. அறுபத்தேழாம் வருஷத்து வண்டி வைத்திருந்தார். இரண்டே சீட்டு, துணிக்கூரை, கரும்பச்சை. மழையைக் கண்டால் கிளம்பாது, வெயிலைக் கண்டால் கொதிக்கும். மனைவியிடம் காட்டாத பொறுமையை எல்லாம் அதனிடம் காட்டினார். அந்த அம்மாளே இதை நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறாள். அவர் மறுத்ததில்லை.

கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். வண்டி வொர்க்‌ஷாப்பில் வருஷக்கணக்காகக் கிடக்கலாம், எஞ்சின் இல்லாமல் செங்கல் மேல் நிற்கலாம், சொந்தமாக இருந்தால் போதும். விற்றவன் வெளியே. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் வேறு யாருமல்ல, லிஃப்ட்காரர்தான். அதை ஒரே ஒருவர்மேல்தான் பாய்ச்சினார்கள், அதுவும் அவர் கையால்தான் நடந்தது. டைல்ஸ் கடைக்காரர் வியாபாரம் படுத்திருந்த சமயத்தில் தன்னுடைய ஜப்பான் வண்டியை விற்றுவிட்டு, சொல்லாமல் மறைக்கத் தெரியாமல், வந்து சொன்னார். சொல்லிவிட்டு உட்காரப் போனார். லிஃப்ட்காரர் எழுந்து போய் அந்த நாற்காலியை அவர் பின்னாலிருந்து உருவினார்.

"நாற்காலி வண்டி இருக்கறவங்களுக்கு. நின்னுக்கிட்டு வேணா கேளுங்க."

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். டைல்ஸ்காரரும் சிரித்தார். பதினோரு மணி வரைக்கும் நின்றுகொண்டே கேட்டார். ஒன்றரை வருஷம் கழித்து வேறொரு ஜப்பான் வண்டியோடு திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய இடத்தில் உட்கார்ந்தார். பெரிய மனசு என்று லிஃப்ட்காரர் நினைத்தார். நாற்காலியை உருவியவன் மறந்துவிடுவான். விழப்போனவன் மறப்பானா?

போன வருஷம் லிஃப்ட்காரரின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரே பையன். இதே கூட்டத்தில் ஜப்பான் வரிசையில் உட்கார்ந்திருக்கிற லிஃப்ட்காரரின் மச்சான்தான் அவன். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது அவன் மிகவும் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான்:

"எங்க வீடு மூணாவது மாடி அத்தான். லிஃப்ட் கிடையாது. உங்களுக்குத் தெரியாததா?"

லிஃப்ட் இன்ஸ்பெக்டரிடம் சொல்ல இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. லிஃப்ட்காரர் வீட்டிலும் படி உண்டு. படி ஏறாமல் நுழையக்கூடிய இடம் கார் ஷெட் ஒன்றுதான். மனைவி ஒரே வாரத்தில் முடிவெடுத்தாள். ஷெட்டுக்கு ஜன்னல் வைத்தார்கள், மூலையில் குளியலறை கட்டினார்கள், தரைக்கு வழுக்காத ஓடு பதித்தார்கள். வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொள்ளச் சொன்னாள். துணிக்கூரை வண்டியை மழையில் நிறுத்துவதும் கிணற்றில் தள்ளுவதும் ஒன்றுதான். இரண்டு மழைக்குப் பிறகு கதவின் அடியில் துருவைப் பார்த்தார். அன்றைக்கே விற்பது என்று முடிவு செய்து, மச்சானிடம் மட்டும் சொன்னார்.

"யாருக்கும் தெரியக் கூடாது மச்சான்."

"எனக்குத் தெரிஞ்ச புரோக்கர் இருக்கார் அத்தான். வெளியூர் பார்ட்டி. இந்தப் பக்கமே தலை காட்ட மாட்டாங்க."

அடுத்த ஞாயிறு லிஃப்ட்காரர் பஸ்ஸில் வந்து இறங்கி, கியர்பாக்ஸ் போய்விட்டது என்றார். வெளியூரில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறார். நல்ல கைக்காரன், ஆனால் அவசரப்படுத்தக் கூடாது. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். நாற்காலி தப்பியது. அந்த நாற்காலி போனால் அவருக்கு வாரத்தில் வேறு எதுவுமே இல்லை. ஆபீசில் பேச ஆளில்லை, வீட்டில் கேட்க ஆளில்லை. அவர் வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்கிற பதினோரு பேர் உலகத்தில் அங்கேதான் இருந்தார்கள்.

மூன்றாவது மாதம் யாரோ, "இன்னுமா கியர்பாக்ஸ்?" என்று இழுத்தார்கள். பயந்துபோனவர் ஒரு காரியம் செய்தார். பழுதென்று ஒதுக்கிய ஒரு லிஃப்ட்டின் மோட்டாரிலிருந்து பியரிங் ஒன்றைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி எடுத்து வந்தார். கியர்பாக்ஸிலிருந்து வந்தது, பாருங்கள், எப்படித் தேய்ந்திருக்கிறது என்றார். அது கை மாறிக் கை மாறி இரண்டு வரிசையும் சுற்றி வந்தது. டைல்ஸ்காரர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளிம்பில் இருந்த எண்ணைப் படித்தார். காதருகே வைத்துச் சுற்றினார்.

"அருமையான பியரிங்" என்றார். "இதெல்லாம் இப்ப எங்க கிடைக்குது."

அதிலிருந்து மாதத்துக்கொன்று வந்தது. ஒரு தடவை ஸ்பிரிங், ஒரு தடவை செப்புத் துண்டு, ஒரு தடவை பிரேக் கட்டை, எல்லாம் லிஃப்ட்டில் கழற்றியது. கொண்டுவராத வாரம் அவர்களே கேட்டார்கள்: "இந்த வாரம் என்ன சார் கொண்டாந்தீங்க?" கையில் வாங்கி எடை பார்த்தார்கள், முகர்ந்தார்கள், ஆடிட்டர் நோட்டில்கூட எழுதிக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதை லிஃப்ட்காரர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிறு அங்கே கண்கட்டுப் போட்டி நடக்கும். ஒருவர் கண்ணைத் துண்டால் கட்டி, யாரும் பார்த்திராத ஒரு வண்டியில் ஏற்றி, சரிவில் கீழே இறக்கி, தெருவைச் சுற்றி மேலே கொண்டுவருவார்கள். ஓட்டுகிறவர் வாய் திறக்கக் கூடாது. இறங்கியதும் மூன்று பதில் சொல்ல வேண்டும்: எந்த நாட்டு வண்டி, எந்த வருஷம், என்ன குறை. லிஃப்ட்காரர் ஆறு தடவை ஜெயித்தவர். இந்த வருஷமும் அவர் முறை வந்தபோது துண்டைக் கட்டிவிட்டது மச்சான்.

"இறுக்கமா இருக்கா அத்தான்?"

"நீ எவ்ளோ இறுக்குனாலும் என் காதக் கட்ட முடியாது மச்சான்" என்றார். சிரிப்பு பலமாகவே வந்தது. கொஞ்சம் அதிகமாகவே வந்தது என்று பிற்பாடு நினைத்துக்கொண்டார்.

வண்டி ஒன்று சரிவில் ஏறி வந்து நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டார்கள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் இடது பக்கம் உட்கார வைத்தார்கள். கதவைச் சாத்தக் கை தானாக உள்ளே போனது. பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கயிறு இருந்தது. கயிற்றில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சைப் போட்டவர் அவர்.

சீட்டின் இடது ஓரம் எப்போதும் போல அரை அங்குலம் அமுங்கியது. தொடைக்குக் கீழே விரலை விட்டுப் பார்த்தார். மீன்பிடி நரம்பால் போட்ட தையல், எட்டுத் தையல். ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்த அவருடைய பழைய ஷெட்டின் வாசனை. கட்டிய துண்டுக்குள்ளே அவர் கண் நிறைந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பெற்ற பிள்ளையைத் தொலைத்துத் திரும்பக் கண்டுபிடித்தவன்கூட அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். இரண்டு நொடி நீடித்தது அது.

பிறகு எஞ்சினைக் கிளப்பினார்கள்.

இருமல் இல்லை, உதறல் இல்லை. சாவியைத் திருப்பியதும் தையல் மெஷின் மாதிரி ஓடத் தொடங்கிவிட்டது. அது ஜப்பான் எஞ்சின். அவருடைய வண்டியின் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்ததை எடுத்தெறிந்துவிட்டு, இதை வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

வண்டி சரிவில் இறங்கியது. ஓட்டுகிறவர் மூச்சு விடும்போது மூக்கில் ஒரு சின்ன விசில் வந்தது, ஞாயிறுதோறும் கேட்ட விசில். டைல்ஸ்காரர். அந்த விசிலோடு எல்லாம் ஒவ்வொன்றாக லிஃப்ட்காரரின் மண்டையில் இறங்கியது. வெளியூர் பார்ட்டி யார் என்று தெரிந்தது. மச்சான் யாரிடம் சொன்னான் என்று தெரிந்தது. பிறகு பியரிங் நினைவுக்கு வந்தது. அவருடைய வண்டியின் கியர்பாக்ஸில் எல்லாம் அங்குலக் கணக்கு. அவர் கொண்டுவந்த பியரிங்கின் விளிம்பில் இருந்தது மில்லிமீட்டர் எண். பதினோரு பேரில் ஒருவருக்குக்கூட அது தெரியாமல் இருந்திருக்காது. அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் இருபத்திரண்டு வருஷமாக அடித்துக்கொள்கிறவர்களிடம் போய் அதைக் காட்டியிருக்கிறார். தெரிந்துகொண்டே கையில் வாங்கியிருக்கிறார்கள், தெரிந்துகொண்டே முகர்ந்து பார்த்திருக்கிறார்கள். அவருடைய சொந்த வரிசைக்காரர்கள் உட்பட. ஒரு வருஷமாக ஞாயிறுதோறும் அவரை வைத்து நாடகம் பார்த்திருக்கிறார்கள், டிக்கெட் இல்லாமல்.

'என்னுடைய வண்டி' என்று சொன்னால் பதில் சரி, போட்டியில் ஜெயிப்பார். அந்த நிமிஷமே அவர் சட்டத்தின்படியே நாற்காலி போகும். சொல்லாவிட்டால் நாற்காலி இருக்கும், காது போகும்.

திரும்பி வருகையில் அதைவிட மோசமான ஒன்று நடந்தது. அந்தச் சரிவில் அவருடைய வண்டி ஒருநாளும் முதல் கியர் இல்லாமல் ஏறியதில்லை. பாதியில் நின்று, பின்னால் உருண்டு, காவலாளி வந்து தள்ளிய நாட்களும் உண்டு. இன்றைக்கு இரண்டாவது கியரில் ஒரே மூச்சில் ஏறியது. ஏறும்போது அவர் உடம்பு சீட்டில் அழுந்தியது. சுகமாக இருந்தது. அதை மறுக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷமும் எதிர் வரிசைக்காரன் சொன்னதுதான் சரி என்று அவருடைய காதே அவரிடம் சொன்னது.

வண்டி நின்றது. இறக்கி நிறுத்தினார்கள். துண்டை அவிழ்க்கவில்லை.

"நாடு?" என்றார் ஆடிட்டர். பேனா மூடியைக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

லிஃப்ட்காரர் துண்டின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"அவசரம் இல்ல சார். யோசிச்சுச் சொல்லுங்க."

எங்கேயோ மச்சான் இருமினான். சிரிப்பை விழுங்குகிறவனின் இருமல்.

"ஜப்பான்" என்றார் லிஃப்ட்காரர்.

"நிச்சயமா?"

"தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஜப்பான்."

"வருஷம்?"

"தொண்ணூறுக்கு மேல."

"குறை?"

"ஒரு குறையும் இல்ல."

துண்டை அவிழ்த்தார்கள். வெயில் குத்தியது. பச்சை நிறத்தைக்கூட மாற்றாமல், மெழுகு போட்டுத் தேய்த்து, அவருடைய வண்டி நின்றது. அதை யாரும் பார்க்கவில்லை. பதினோரு பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்காகத்தான் அன்றைக்கு ஒருவர்கூட லீவு போடாமல் வந்திருந்தார்கள்.

டைல்ஸ்காரர் பானெட்டைத் திறந்து வைத்தார். "பாதி மார்க் குடுக்கலாம் ஆடிட்டர். எஞ்சின் ஜப்பான்தான். உடம்புதான் இங்கிலாந்து. சாருக்கு உக்காந்ததும் தெரிஞ்சிருக்கணும். சாரோட வண்டி மாதிரியே இருக்குல்ல?"

"மாதிரிதான்." லிஃப்ட்காரரின் குரல் அவருக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. "என்னுதுல பச்சை இன்னும் கொஞ்சம் இருட்டு."

"உங்களுது எப்படி இருக்கு?"

"கியர்பாக்ஸ் ஏத்தியாச்சு."

"அடடே, ரொம்ப சந்தோஷம் சார். அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டாந்துடுங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாத்துடலாம், எது ஒசத்தின்னு. இருவத்திரண்டு வருஷச் சண்டை அன்னியோட முடிஞ்சிரும்."

"சரி" என்றார் லிஃப்ட்காரர். வேறு என்ன சொல்வது? ஆடிட்டர் தேதியை நோட்டில் எழுதி, கீழே ஒரு கோடும் போட்டார்.

அப்போதுதான் மச்சான் வாயைத் திறந்தான். "கொண்டாந்துட்டு எங்க அத்தான் நிறுத்துவீங்க? ஷெட்ல இடம் இல்லையே."

அதோடு அணை உடைந்தது. ஒரு வருஷம் அடக்கிவைத்த சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஷெட்டில் படுத்திருப்பது அவனைப் பெற்றவள். அது ஒருவருக்கும் தோன்றவில்லை, அவனுக்கே தோன்றவில்லை.

"இடம் காலியாயிடும்" என்றார் லிஃப்ட்காரர்.

டைல்ஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை. முதல் நாற்காலியை இழுத்து, தன் கைக்குட்டையால் துடைத்து, அவருக்குப் பின்னால் பதமாக வைத்தார்.

"உக்காருங்க சார். வண்டி இருக்கறவங்க நிக்கக் கூடாது."

அவர் உட்கார்ந்தார். பதினோரு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். இங்கிலாந்து வண்டிக்காக யாராவது பேச வேண்டும் என்றார்கள், பேசினார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் இரண்டு வரிசையும் தலையாட்டியது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் செருப்புச் சத்தம் கேட்டு, ஷெட்டாக இருந்த அறையிலிருந்து மாமியார் கூப்பிட்டாள்.

"மாப்ள, வந்துட்டீங்களா? அவன் வந்திருந்தானா? என்னப் பத்திக் கேட்டானா?"

ஞாயிறுதோறும் கேட்பாள். ஒரு வருஷமாக மகன் ஒரு தடவைகூட எட்டிப்பார்த்ததில்லை. ஞாயிறுதோறும் இவரும், "கேட்டான் அத்தை, நல்லா சாப்பிடறாங்களான்னு கேட்டான்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவரிடம் உருப்படியாக இருந்த ஒரே நல்ல குணம் இந்தப் பொய்தான். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் ஓட்டிவிடுவாள்.

இன்றைக்கு அவர் உள்ளே போனார். கட்டில் அருகே நின்றார். அவள் தலையணையிலிருந்து எழும்பப் பார்த்தாள். மகனுடைய அதே மூக்கு, அதே வாய்.

"கேட்டான் அத்தை" என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமை உங்களக் கூட்டிட்டுப் போக வர்றானாம். இனிமே அவன் வீட்லதானாம்."

அவள் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு கையால் முகத்தை மூடிக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே கண்ணீர் வந்தது.

"எனக்குத் தெரியும் மாப்ள. அவன் என்னை விடமாட்டான். உங்க பொண்டாட்டிதான் அவனக் கண்டபடி பேசுவா. மூணு மாடி நான் எப்படி ஏறுவேன்?"

"நீங்க ஏற வேண்டாம். ரெண்டு கையாலயும் தூக்கிட்டுப் போறானாம்."

அவள் அழுகையின் நடுவே சிரித்துவிட்டாள். சின்ன வயதில் அவனை இடுப்பை விட்டு இறக்கியதே கிடையாது என்று சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே அலமாரி மேல் இருந்த பையைக் காட்டினாள். இன்றைக்கே துணியை மடித்து வைத்துவிட வேண்டும், கடைசி நேரத்தில் எதையாவது மறந்துவிடுவாள்.

லிஃப்ட்காரர் எட்டிப் பையை எடுத்தார். தூசியைத் தட்டி, ஜிப் ஓடுகிறதா என்று இழுத்துப் பார்த்து, அவள் கைக்கு எட்டுகிற மாதிரி கட்டிலில் வைத்தார்.

"எத்தன மணிக்கு வர்றான் மாப்ள?"

"எட்டு மணிக்கே வந்துருவான். சீக்கிரம் குளிச்சு ரெடியா இருங்க அத்தை. அவனக் காக்க வைக்காதீங்க."